ஆம்புலன்ஸுக்குப் பின்னால் வந்தவன்

சைரன் கேட்டதும் அவள் காரை இடது பக்கம் ஒடித்தாள். பக்கக் கண்ணாடி தண்ணீர் லாரியில் உரசியது.

உரசட்டும். ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவர் மனிதரே இல்லை என்பது அவள் கட்சி.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்தது போக மிஞ்சிய துண்டுச் சாலையில், அந்தச் சாயங்காலம் ஊரே சிக்கிக் கிடந்தது. ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு விரற்கடை விட்டுக்கொடுக்கவில்லை. வலது பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் அரும்பாக்கத்திலிருந்தே மூக்கை நுழைக்கப் பார்த்துக்கொண்டு வந்தார். அவளும் விடாப்பிடியாக அடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியை இறக்கி ஒரு சுற்று திட்டிக்கொண்டும் ஆயிற்று.

அந்த ஆட்டோகூட இப்போது தகரத்தோடு ஒட்டி ஒதுங்கியது.

நடுவே ஆம்புலன்ஸ் நுழைந்து போனது.

அது போன வழியிலேயே, கொஞ்சம் பின்தங்கி, விரட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர். முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கூட்டத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவர் உயிருக்காக விட்ட வழியில் ஓசியில் போகிற கூட்டம். போன மாதம் இப்படி வந்த ஒருவன்தான் அவள் காரை முன்கதவிலிருந்து பின்கதவு வரை கீறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். கேட்டால், உள்ளே இருப்பது எங்கப்பா என்பான். இந்தச் சாலையில் ஆம்புலன்ஸில் போகிற ஒவ்வொரு நோயாளிக்கும் நாற்பது பிள்ளைகள்.

ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினாள்.

அதே நொடியில் ஷேர் ஆட்டோ இடது பக்கம் திரும்பியது.

இரண்டின் மூக்கும் முட்டாத குறையாக நின்றன. அவளுக்கு இடப்பக்கம் தெரிந்த இடைவெளியை, யாரும் கேட்காமலே, தண்ணீர் லாரி வந்து மூடியது.

அரைமணி நேரமாக அடித்துக்கொண்டு வந்தவர்கள். இப்போது என்ன ஒற்றுமை!

ஆட்டோக்காரர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். "விடாதீங்க மேடம். இவனுங்களுக்கு இதே பொழப்பு."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்றைக்கு அந்தச் சாலையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டர்காரன் எட்டி அவள் ஜன்னலைத் தட்டினான். ஹெல்மெட் இல்லை. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான்.

"எங்கம்மா மேடம் அதுல. கொஞ்சம் வழி விடுங்க மேடம்."

அவள் கண்ணாடியை இறக்கவில்லை. உள்ளேயிருந்தே சொன்னாள்.

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் புரிந்திருக்கும். மறுபடி தட்டினான், உள்ளங்கையால். பின்னாலிருந்து யாரோ அவனை அசிங்கமாகத் திட்டினார்கள். லாரி டிரைவர் தலையை நீட்டித் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அவன் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. தட்டிக் கேட்க ஆளில்லாத ஊரில் ஒருத்தி தட்டிக் கேட்டுவிட்டாள்.

கொஞ்ச தூரத்தில் ஆம்புலன்ஸும் மாட்டிக்கொண்டு நின்றது.

அதன் பின்கதவு திறந்தது.

நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் வெளியே தலையை நீட்டினாள். வண்டிகளுக்கு மேலாகத் தேடினாள். கண்டுபிடித்துவிட்டாள்.

"ஜெயசீலா! வண்டிய அங்கயே போட்டுட்டு ஓடியாடா! அம்மா உன்னத்தான் கேக்குது!"

சைரனை மீறி அந்தக் குரல் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது.

அவன் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டான். இன்ஜினை நிறுத்தக்கூட நிற்கவில்லை. காருக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடமில்லை. அவ்வளவு கச்சிதமாக அடைத்திருந்தார்கள். அவள் காரின் பானெட்டில் கையை ஊன்றி, ஏறி, அந்தப் பக்கம் குதித்து ஓடினான்.

அவளை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

முன்னால் நெரிசல் சட்டென்று இளகியது. ஆம்புலன்ஸ் நகர்ந்தது. கதவு திறந்தபடியே இருக்க, அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஓடிக்கொண்டிருந்தான். குறுக்கே ஒரு மாநகரப் பேருந்து வந்தது.

பேருந்து விலகியபோது ஆம்புலன்ஸ் இல்லை. அவனும் இல்லை. ஏறினானா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறானா, தெரியவில்லை.

ஆட்டோக்காரர் இப்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. கியரைப் போட்டார், போய்விட்டார். லாரியும் போனது.

அவளுக்கு முன்னாலும் சாலை காலியாக இருந்தது. போகலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

பின்னால் ஹாரன்கள் கிளம்பின. நடுச்சாலையில் அந்த ஸ்கூட்டர் ஆளில்லாமல், இன்ஜின் ஓடியபடி நின்றது.

அவள் காரை அணைத்துவிட்டு இறங்கினாள்.

ஸ்கூட்டரின் முன்கொக்கியில் ஒரு கட்டைப்பை. உள்ளே ஒரு பிளாஸ்க், மடித்த போர்வை, மாற்றுப் புடவை ஒன்று.

ஹேண்டிலைப் பிடித்தாள். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது அவளுக்கு. ஸ்டாண்டை எடுக்கக்கூடத் தெரியவில்லை. தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. ஹாரன்கள் இன்னும் கூடின. ஒருவரும் இறங்கி வந்து கை கொடுக்கவில்லை.

வேன்காரர் ஒருவர் இறங்கி வந்தார், கை கொடுக்க அல்ல.

"நடு ரோட்டுல வண்டிய வுட்டுட்டு எவன்டா போனது? அறிவில்ல?" நேரே அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்றார். "யாருதும்மா இது?"

அவள் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னுதுதான்" என்றாள்.