முகத்தில் விழுந்த நிழல்

"மூஞ்சியில பாதிக்குக் கரி பூசி வெச்சிருக்கியே தம்பி, இது நல்லாவா இருக்கு?"

சீனாவின் லான்ஜோ நகரில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை நடத்தும் லுவான் அம்மாள், நாற்காலியை விட்டு எழுந்துவந்து கித்தானை முறைத்தாள்.

"கரி இல்லம்மா, நிழல்," என்றார் ஓவியர் கெங். "ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழும். ஐரோப்பாவுல பெரிய பெரிய ஓவியருங்க எல்லாம் இப்படித்தான் வரைஞ்சாங்க."

"அவங்க ஊர்ல வெளிச்சம் பத்தல போல. வீட்டுல மாட்டுற படம்னா முகம் நேரா இருக்கணும், ரெண்டு காதும் தெரியணும். உனக்குத் தெரியாதா?"

துன்ஹுவாங் குகைகளின் பழைய புத்தச் சுவரோவிய வண்ணமும் ஐரோப்பிய ஒளியும் ஒரே முகத்தில் சேர வேண்டும் என்பது கெங்கின் பல வருடக் கனவு. அதற்கேற்ற முகத்தை அவளுடைய கடையில்தான் கண்டார். பெய்ஜிங் கண்காட்சிக்குப் படம் அனுப்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. 'நான் சொல்றபடி வரைஞ்சா உட்காருறேன், கண்காட்சி முடிஞ்சதும் படம் எனக்கு' என்று அவள் சொன்னபோது யோசிக்காமல் தலையாட்டியது எவ்வளவு பெரிய மடத்தனம்.

பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியால் நிழலைச் சுரண்டி எடுத்தார். கனவில் பாதி அதோடு போயிற்று.

"இந்த மச்சம் வேண்டாம்."

"அது உங்க முகத்துல இருக்கேம்மா?"

"இருந்தா இருக்கட்டும், நீ எடுத்துடு. புருவம் இவ்வளவு அடர்த்தியா வேண்டாம். தாடையையும் கொஞ்சம் ஒடுக்கு."

"சுருக்கமாவது இருக்கலாமா?"

"ஒண்ணுகூடக் கூடாது. இருபது வயசுப் பொண்ணா வரை."

அறுபதைத் தாண்டியும் இந்த அம்மாளுக்கு மினுக்கு அடங்கவில்லையே என்று கெங்குக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. தூரிகையைத் தட்டில் விட்டெறிந்தார்.

"இதுக்கு நான் எதுக்கும்மா? காலண்டர்ல இருக்கிற நடிகை படத்தைக் கிழிச்சு மாட்டிக்குங்க. இதுல உங்க முகம் எங்க இருக்கு?"

லுவான் அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. ஈர வண்ணத்தில் கை படாமல், கித்தானுக்கு வெகு அருகில் போய் நின்றாள்.

"என் முகம் எனக்கு எதுக்கு தம்பி? நான் பொறந்த அன்னிக்கே எங்கம்மா போயிட்டாங்க, ஒரு போட்டோகூடக் கிடையாது. எங்கப்பா ஜாடையை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது அவங்கதான்னு ஊர்ல எல்லாரும் சொல்வாங்க."