இருபத்தேழாம் நம்பர்

ஷீபாவின் முதுகில் இருபத்தேழாம் நம்பர் இன்னும் குத்தியபடியே இருக்கிறது, முழங்காலில் பந்தயச் சேறு காய்ந்து வெடிக்கிறது. காலையில் வாலாஜாபாத்தில் நடந்த சைக்ளோகிராஸ் தேர்வில் இரண்டாவதாக வந்து மாநில அணியில் இடம் பிடித்துவிட்டாள். சேற்றில் ஓட்டி, கட்டை குறுக்கிட்டால் குதித்திறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி ஏறும் பந்தயம் அது. "எறங்கறதுல உன்ன அடிக்க ஆளில்ல. ஆனா ஓட்டிக்கினு போற எடத்துலயும் எறங்கிட்ற. நேஷனல்ல அது ஒதவாது," என்றார் கோச். அப்படிப் பழக்கியது, வீடு திரும்பும் வழியில் அவள் இப்போது நுழையும் இந்த ஊர்த்தெரு. அவள் வீடிருக்கும் காலனிக்கு வேறு வழி கிடையாது, காலனி ஆட்கள் இதில் சைக்கிளில் உட்கார்ந்து போகவும் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து முனையில் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, கடைசி வீடு தாண்டித்தான் ஏறியிருக்கிறாள். காலேஜில் பட்டம் வாங்கி வந்த அன்றும் அப்படித்தான். முனை வீட்டு வாசலில் டிராக்டர் கழுவிக்கொண்டிருக்கும் ஏகாம்பரம் நிமிர்கிறார்.

"இன்னா, சாம்சன் பொண்ணே, தெரு வந்துட்ச்சி. கண்ணு தெர்லியா?"

"நல்லாத் தெரிதுங்க."

"அப்ப எறங்கு. மெடலு வாங்கிட்டா கொம்பு மொளச்சிடுமா?"

வலது கால் தானாகவே எழுந்து சீட்டுக்குப் பின்னால் பாதி வந்துவிடுகிறது. அந்தக் காலின் மேல்தான் அவளுக்கு முதல் ஆத்திரம். இழுத்துப் பெடலில் வைத்து அழுத்துகிறாள். டிராக்டர் கழுவிய தண்ணீரில் தெருவே சேறாகிக் கிடக்கிறது, முன்சக்கரம் வழுக்குகிறது. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிறாள். ஓட்டிக்கொண்டு போகக்கூடிய இடம்தான் இது.