அத்திக் காம்பு

"மண்வெட்டிக்கு அத்தி மரக் காம்பா? நாலு கொத்துல உடைஞ்சிடும்பா!" என்றான், ஸஃபாக்ஸ் கடைவீதியில் காம்பு செதுக்கும் லஸாத்.

"உடையணும்னுதானே கேக்குறேன்!" என்றான் முன்சிஃப். "மாமியார் குணம்தான் உனக்குத் தெரியுமே. ஞாயித்துக்கிழமை ஆனா பாதாம் தோப்பைக் கொத்தச் சொல்லி உயிரை வாங்குறாங்க. வரிவரியா சாயம் இழுத்து, எண்ணெய் தேய்ச்சு, அசல் ஆலிவ் மரம் மாதிரி ஆக்கிடு."

லஸாத் கண்ணடித்தான்.

ஞாயிறு பூராவும் கொத்தியும் காம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. முன்சிஃபின் உள்ளங்கைதான் கொப்பளித்தது. மறுநாள் காலையிலேயே பட்டறைக்கு வந்து கத்தினான்.

"அத்தி கேட்டா அசல் ஆலிவையே போட்டிருக்கியே, பாவி!"

"கத்தாதே. என் மண்வெட்டிக்குப் போட்ட அத்திக் காம்பு போன வாரமே உடைஞ்சாச்சு. ரெண்டு மருமகன் காம்பும் உடைஞ்சா, நம்ம மாமியாருக்குச் சந்தேகம் வராதா, சகலை?"