மொட்டை மாடி வடகம்

"வடகம் காஞ்சிடுச்சா?" மூன்றாவது நாளும் கண்ணாயிரம் கேட்டார்.

"இன்னும் ஈரமாத்தான் கீது" என்றாள் அவர் மனைவி தங்கமணி.

"இந்த வெயில்ல கல்லே காஞ்சி வெடிக்குது, உன் வடகம் காயலையா? மாப்பிள்ள போன் மேல போன் போட்டுக்கினு இருக்காரு."

"பொண்ண வெறுங்கையோட அனுப்புனா ஊரு சிரிக்கும். காஞ்சதும் கூட்டிக்கினு போங்க."

"நாளைக்குக் காஞ்சிடும். சாயங்கால பஸ்ஸுல கொண்டுபோய் வுட்டுட்டு வரேன்."

மகள் எழில்மதி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காயத்தை அவள் வந்த அன்றே காட்டியிருந்தாள். "புருஷன்னா நாலு அடி அடிக்கத்தான் செய்வான்" என்றார் அப்பா. அம்மாவோ, மறுநாள் விடிந்ததும் கூழ் காய்ச்சி வடகம் போட உட்கார்ந்துவிட்டாள். அனுப்பி வைக்க அவ்வளவு அவசரம்.

எழில்மதி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். வானத்தைப் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

மத்தியானம் அப்பா கட்டிலில் கண்ணயர்ந்ததும் ஒரு செம்பு தண்ணீரை முந்தானையில் மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மாடிப்படி ஏறினாள். வடகம் நனைந்தால் இன்னும் இரண்டு நாள் கிடைக்கும்.

மேலே அம்மா குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி. கையால் அள்ளி அள்ளி வடகத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி, மகளின் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள்.

"இன்னாடி நின்னுக்கினு இருக்க? அந்தாண்ட ஓரம் காஞ்சிக்கினு வருது பாரு. அங்க தெளி."