தினம் ஒரு தாள்

"ஏட்டி, அவ பஜ்ஜி விக்காளா, கதை விக்காளா?"

சுகப்பிரியாவுக்குக் கோபம் மூக்குமேல் நின்றது. கோபம் முழுக்கத் தன் ரூம்மேட் வேல்விழிக்காகத்தான்.

விஷயம் இதுதான். சாயங்காலம் கம்பெனி பஸ் பென்னலூர் ஸ்டாப்பில் இறக்கிவிட்டதும், வேல்விழி நேராகப் போய் நிற்பது கங்காக்காவின் பஜ்ஜி வண்டி முன்னால். பசியினால் இல்லை. பஜ்ஜி சுற்றித் தருகிற தாளுக்காக.

கோவில்பட்டியில் இருந்தவரை நூலகத்தில் ஒரு அலமாரியையே படித்துத் தீர்த்தவள் அவள். இங்கே செல்போன் சார்ஜர் லைனுக்கு வேலைக்கு வந்தபிறகு படிக்க என்ன இருக்கிறது? ஹாஸ்டல் சுவரில் வார்டன் ஒட்டிய விதிமுறை, கம்பெனிச் சுவரில் பாதுகாப்பு விதிமுறை. இரண்டும் மனப்பாடம். ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

அப்படிக் காய்ந்து கிடந்தவள் கண்ணில், வண்டியின் கீழ்த்தட்டில் ஒரு பைண்டு புத்தகம் பட்டது. யாரோ ஒரு புண்ணியவதி, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்திருந்தாள். அது எடைக்குப் போய், பழைய பேப்பர் கட்டோடு கங்காக்காவிடம் வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, அந்தப் புஸ்தகத்த எனக்கு வெலைக்குத் தாங்கக்கா."

"நான் இன்னா பொஸ்தகக் கடையா வெச்சிக்கினு கீறேன்? பஜ்ஜி வாங்கு. ஒரு தாளு வரும்."

அன்றிலிருந்து தினம் ஒரு தாள்தான். கெஞ்சினாலும் அதற்குமேல் கிடையாது.

கதையா அது, உயிரை வாங்குகிற கதை. மஞ்சரி டீச்சர் டாக்டரைக் கட்டிக்கொள்வதா, டிராயிங் மாஸ்டரைக் கட்டிக்கொள்வதா என்று தவிக்கிறாள். ஒவ்வொரு தாளும் சரியாக யாரோ கதவைத் தட்டுகிற இடத்தில் முடிந்து தொலைக்கும்.

"இன்னாமே, நேத்து இன்னா ஆச்சி? அந்த டாக்டரு வந்தானா?" வாழைக்காயை மாவில் முக்கிக்கொண்டே கங்காக்கா கேட்பாள்.

வேல்விழியும் ஒரு வரி விடாமல் ஒப்பிப்பாள். டிராயிங் மாஸ்டர் எவ்வளவு நல்லவர் என்று ஒரு பிரசங்கமும் நடக்கும்.

"அவன் வாயில்லாப் பூச்சி. அவன கட்டிக்கினு இன்னா பண்றது? டாக்டருதான் சரி" என்பாள் கங்காக்கா. எண்ணெய் காய்வதுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் வாதாடுவார்கள்.

சுகப்பிரியாவுக்கு இது எதுவும் பிடிக்காது. "நாளைக்கும் வரணும்னு ஆசை காட்டுதா. நீயும் ஈன்னு பல்லக் காட்டுத. நம்மளுக்குப் பின்னாடி வந்தவனெல்லாம் வாங்கித் தின்னுட்டுப் போயாச்சி, பாத்தியா?"

அதுவும் உண்மைதான். வேல்விழியின் முறை எப்போதும் கடைசியில்தான் வரும். வந்ததும் கங்காக்கா வண்டிக்குக் கீழே உட்கார்ந்துவிடுவாள். லேசில் எழுந்திருக்க மாட்டாள்.

"கீழ உக்காந்து என்னத்தப் பண்ணுதா? நேத்துப் பஜ்ஜியக் கலக்குதாளோ என்னமோ" என்பாள் சுகப்பிரியா. சொல்லிக்கொண்டே அந்தப் பஜ்ஜியை முக்கால்வாசி காலி பண்ணுவதும் அவள்தான். தாள் கைக்கு வந்துவிட்டால் வேல்விழிக்குப் பஜ்ஜி எதற்கு?

ஒருநாள் சூப்பர்வைசர் குண்டைத் தூக்கிப் போட்டார். மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரகடம் யூனிட். தங்குவதும் அங்கேயே. காலையில் பெட்டியோடு கிளம்ப வேண்டும்.

வேல்விழிக்கு முதலில் மஞ்சரியின் ஞாபகம்தான் வந்தது. முடிவு தெரியாமலே போகப்போகிறோமே என்று அழுகை முட்டியது.

"இன்னைக்கு நான் பேசுதேன். நீ வாயத் தொறக்காத" என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள் சுகப்பிரியா.

"யக்கா, எங்கள ஒரகடத்துக்கு மாத்திட்டாங்க. நாளைக்கு இவ வரமாட்டா. மீதிக் கதைய மொத்தமாத் தாங்க, என்ன வெலையோ சொல்லுங்க. இம்புட்டு நாள் கதையக் காட்டி பஜ்ஜி வித்தது போதும்."

வேல்விழிக்குக் கூச்சத்தில் உயிரே போய்விட்டது. கங்காக்கா சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"நாளைக்கேவா?"

வேல்விழி தலையாட்டினாள்.

கங்காக்கா குனிந்து மிச்சப் புத்தகத்தை எடுத்தாள். முந்தானையால் மாவைத் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"காசெல்லாம் வாணாம். எடுத்துனு போ."

"பாத்தியா? கேக்கிற வெதத்துல கேட்டாத்தான் கெடைக்கும்" என்று சுகப்பிரியா தோழியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வேல்விழிக்கு ஹாஸ்டல் வரை பொறுக்கவில்லை. தெருவிளக்கடியில் நின்று கடைசித் தாளைத் தேடினாள்.

பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. எண்ணெயில் பஜ்ஜியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள் கங்காக்கா.

"முடிவ மட்டும் சொல்ட்டுப் போம்மா. யாரத்தான் கட்டிக்கிறா?"

"புஸ்தகம் இத்தன நாளும் உங்ககிட்டதானக்கா இருந்திச்சி?"

"அன்னன்னிக்கு ஒனக்குக் குடுக்கிற தாள மட்டும் கீழ குந்தினு படிச்சிருவேன். அதுக்குமேல ஒரு பக்கம் தொறந்தது இல்ல. ஒன்ன வுட்டுட்டு நான் மட்டும் முன்னாடி போய்ட்டா, மஞ்சரியப் பத்திப் பேச எனக்கு ஆளு ஏது?"

வேல்விழி கடைசித் தாளைப் பார்க்காமலே புத்தகத்தை மூடினாள்.

சுகப்பிரியாதான் முதலில் வண்டிப் பக்கம் திரும்பி நடந்தாள். எண்ணெய்ச் சட்டியில் கரண்டியை விட்டுக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, இங்கன உக்காந்து விட்ட எடத்துலேர்ந்து சத்தமா வாசி. பஜ்ஜிய நான் பாத்துக்கிடுதேன். டிராயிங் மாஸ்டர வேண்டாம்னு மட்டும் மஞ்சரி சொல்லட்டும், அந்தத் தாள்லதான் இன்னைக்குப் பார்சல்."