கிணற்றுச் சுவரில் ஸுவைரா

"இதை நான் அச்சடிக்க மாட்டேன், ஹாஜியா. வல்லாஹி, மாட்டவே மாட்டேன்."

தன்லாமி கையெழுத்துத் தாள்களைப் பாயில் வைத்தான். வைத்தான் என்பதைவிட எறிந்தான் என்பதுதான் சரி.

கானோ நகரத்துச் சந்தையில் அவனுக்குப் புத்தகக் கடை. ஹாஜியா லுபாபத்துவின் கதைகளை முதலில் அவன் அப்பா அச்சடித்தார். இப்போது அவன். மட்டமான தாள், பளபள அட்டை, பின்பக்கம் ஹாஜியாவின் போன் நம்பர். படித்த பெண்கள் கூப்பிட்டு அழுவார்கள். சிலர் திட்டுவார்கள்.

"இது இருபதாம் பாகம். ரெண்டாம் பாகத்துல கிணத்துச் சுவர்மேல ஏறி உக்காந்தா உங்க ஸுவைரா. இன்னும் இறங்கவும் இல்ல, குதிக்கவும் இல்ல. பக்கத்துக் கடைக்காரன் கேக்கறான், 'என்னப்பா, அவளுக்கு வேர் விட்டுடுச்சா?'ன்னு."

ஹாஜியா வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் கேட்டிருக்கான். அடுத்த பாகத்துல போட்டுக்கறேன்."

"சிரிக்காதீங்க. கிழவிக்குக் காசாசைங்கறாங்க. முடிக்கத் தெரியாம இழுக்கறாங்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

 தன்லாமியும் அவர்களோடு சேர்ந்துதான் சிரித்திருந்தான்.

கதை இழுவைதான், பொய் சொல்வானேன்? எட்டாம் பாகத்தில் ஸுவைராவின் செருப்பு கிணற்றுக்குள் விழுகிறது. அதற்கே ஒரு பாகம். பதின்மூன்றில் ஒரு ஆடு வந்து அவளைப் பார்க்கிறது. ஆடு போனதும் முற்றும்.

"டாக்டர் என்ன சொன்னார்? இன்னும் எழுதினா மிச்சக் கண்ணும் போயிடும்னார்ல?"

ஹாஜியாவின் ஒரு கண் ஏற்கெனவே பால்போல் வெளுத்திருந்தது. மற்றதை வைத்து, தாளை மூக்கில் ஒட்டிக்கொண்டு எழுதுகிறார்.

"தன்லாமி, நான் எழுத வந்தப்போ தெருவுல என்னைப் பாத்துத் துப்பினாங்கடா. பொம்பளை காதல் கதை எழுதலாமான்னு. மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சு எழுதினேன். உங்கப்பா ஒருத்தர்தான் துணிஞ்சு அச்சடிச்சார். இத்தனை கதையில எத்தனை பொண்ணுங்களைக் கொன்னிருக்கேன் தெரியுமா? ஒருத்திக்கு விஷம், ஒருத்திக்குப் பிரசவம். ஒரு கதையில ஒரே பக்கத்துல மூணு பேரு. பேனா கூசினதே இல்ல."

"அப்போ இவளை மட்டும் ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க? குதிச்சா, செத்தா, முற்றும். சனங்க அழுதுட்டு அவங்க அவங்க வேலையைப் பாப்பாங்க."

முக்காலிமேல் இருந்த போன் அடித்தது.

ஹாஜியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "குடு இங்க."

"இருங்க. வாசகிதான் யாராவது. முடிவு வேணுமா வேண்டாமான்னு நானே கேக்கறேன்."

"டேய், வேண்டாம்டா!"

அதற்குள் எடுத்துவிட்டான்.

முதலில் பேச்சே இல்லை. எங்கோ ஆழத்தில் தண்ணீர் சொட்டியது. ஒவ்வொரு சொட்டும் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பிறகு ஒரு பெண் குரல், அவன் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல்.

"ஹாஜியா, ஸுவைரா இன்னும் சுவர்மேலதானே இருக்கா?"

தன்லாமிக்கு முதுகு சில்லிட்டது. வெளியே நல்ல வெயில்.

"நான் கடைக்காரன்... நீங்க யாரு? எங்கேருந்து பேசறீங்க?"

"இருக்காளா, இல்லையா?"

"இ... இருக்கா."

"சரி."

அவ்வளவுதான். சொட்டுச் சத்தமும் நின்றுவிட்டது.

அவன் அதே எண்ணுக்குத் திரும்பப் போட்டான். அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது போன்.

"நானும் போட்டுப் பாத்திருக்கேன்," என்றார் ஹாஜியா. "ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லும். ரெண்டாம் பாகத்துலேருந்து ஒவ்வொரு பாகம் வந்ததும் கூப்பிடுவா, இதையே கேப்பா, வச்சுடுவா. இந்தத் தடவை நீ தாமதம் பண்றேல்ல, அதான் முன்னாடியே கூப்பிட்டுட்டா."

"சின்னப் பொண்ணு குரலா இருக்கே. ரெண்டாம் பாகம் எங்கப்பா போட்டது. இத்தனை வருஷத்துல குரல் மாறாதா? ஹாஜியா, அவ எப்பவோ..."

"வாயை மூடு!"



ஹாஜியா போனை வாங்கி முக்காலிமேல் வைத்தார். "எனக்கும் அந்த நினைப்பு வராம இல்ல. ஆனா கேக்கறாளேடா. கேக்கறவரைக்கும் உயிரோட இருக்கான்னுதானே நான் எடுத்துக்கணும்?"

அவன் குனிந்து பாயில் சிதறிய தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தான். வரிசை கலைந்துபோயிருந்தது. இந்தக் கதையில் எதை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். இருந்தும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரியாக அடுக்கினான்.

"நாளைக்கே அச்சுக்குக் குடுத்துடறேன்," என்றான். பிறகு, "முதல் தடவை கூப்பிட்டப்போவும் இதைத்தான் கேட்டாளா?"

"இல்ல. அன்னிக்கு எதையும் கேக்கல. எனக்கு ஒரு வேலை சொன்னா."

"என்ன வேலை?"

ஹாஜியா புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டார்.

"'அவ குதிக்கற பக்கத்தைச் சீக்கிரம் எழுதிடுங்க ஹாஜியா, நானும் எங்க வீட்டுக் கிணத்துச் சுவர்மேல ஏறி, அதுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்'னா."