டிங் வர வேண்டிய இடத்தில்

டிங் என்று வர வேண்டிய இடத்தில் ஜிஷ்ஷ் என்று வந்தது.

பால்பாண்டி மறுபடி அமுக்கினான். மறுபடியும் ஜிஷ்ஷ். சரி, ஜிஷ்ஷுக்கு உரிய கீயை அமுக்கிப் பார்ப்போம் என்றால் அது தொம் என்றது. வெண்கலச் சிம்பலைத் தட்டினால் மேளம் பேசும் அதிசயத்தை அவன் எந்தக் கச்சேரியிலும் கண்டதில்லை.

நேற்றுச் சாயங்காலம் இதே கீபோர்டில்தான் பாட்டு முழுக்க டிரம் அடித்துப் பதிவு செய்துவிட்டுப் போனான். ஒரு குறை இல்லை. இன்றைக்குச் சிம்பல் மட்டும்தான் பாக்கி.

இதுவரை தாளத்துக்குத் தனிப் பெட்டி இருந்தது. இந்த ஆல்பத்துக்குத்தான் கம்ப்யூட்டர். கீபோர்டில் அமுக்கினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரம் அடிக்கும். மதுரை காளவாசலிலேயே இப்படியொரு வசதி தன் வீட்டு மாடியில் மட்டும்தான் என்று லட்சுமிநாராயணன் சார் பால்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார்.

"பாண்டி, என்னய்யா அங்க பாத்திரம் உருட்டுற?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடும் அறையிலிருந்து சார்.

சாருக்குச் 'சுருதிச் சக்கரவர்த்தி' என்று ஒரு பட்டம் உண்டு. அதைக் கொடுத்த சபாவுக்குத் தலைவரும் அவரே. சோழவந்தான் பஸ் ஹாரன் அடித்தால் "நாலரைக் கட்டை, ஒரு நூல் கம்மி" என்பார். எந்த பஸ்ஸும் நின்று மறுத்துப் பேசியதில்லை.

இன்றைக்குச் சார் இன்னும் ஒரு படி மேலே இருந்தார். மூன்று நாளாக எட்டாமல் உடைந்துகொண்டிருந்த உச்சத்தைக் காலையில் ஒரே மூச்சில் பிடித்து நிறுத்திவிட்டார். கீபோர்டில் தானே சுருதி வைத்துக்கொண்டு, ஐந்து கட்டையில். அதைப் பால்பாண்டிக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினார்.

"அம்பத்தெட்டு வயசு. அஞ்சு கட்டை. எவனுக்காவது வருமாய்யா?"

"வராது சார்."

பால்பாண்டியின் கவலை வேறு. எட்டு ஆல்பத்துக்குத் தாளம் போட்டாயிற்று. ஒரு அட்டையிலும் பேர் இல்லை. அவனுக்குப் பேசி வைத்திருக்கும் சரண்யாதேவியின் அப்பா கண்டக்டர். டிக்கெட் இல்லாத எதையும் நம்பாத மனுஷன். "பாட்டுக்குத் தாளம் போடுறேங்கிறீக. எங்க, பேரைக் காட்டுங்க பாப்போம்" என்று கேட்டுவிட்டார். இந்த அட்டையில், கடைசி வரியில், 'தாளம்: பால்பாண்டி' என்று போடச் சார் போன வாரம்தான் மனசு இறங்கியிருந்தார்.

நாலு மணிக்கு, ஆல்பத்தை வெளியிடும் திருமங்கலம் ரைஸ்மில்காரர் நேரில் வருகிறார். அவர் முன்னால் கடைசிச் சரணத்தைச் சார் பாடிக் காட்டுவதாக ஏற்பாடு.

சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினான். ஜிஷ்ஷ். வயரை மாற்றினான். ஜிஷ்ஷ். கம்ப்யூட்டர் கடை கார்த்திகேஷுக்குப் போன் போட்டான்.

"ரீஸ்டார்ட் பண்ணியா மாப்ள?"

"நாலு தடவை."

"அஞ்சாவது தடவை பண்ணிப் பாரேன்."

பண்ணினான். கம்ப்யூட்டர் மங்களகரமாக முழங்கித் திறந்தது. பிறகு ஜிஷ்ஷ்.

இதைவிடக் குழப்பம் ஒன்று இருந்தது. திரையில் உள்ள சிம்பல் படத்தை மவுஸால் தட்டினால் டிங், சுத்தமான டிங். கீயை அமுக்கினால்தான் ஜிஷ்ஷ். கம்ப்யூட்டரும் சரி, வயரும் சரி என்றால் தன் விரல்தான் தப்போ என்று பால்பாண்டிக்கே சந்தேகம் தட்டிவிட்டது. விரலை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

சாருக்குச் சந்தேகமே இல்லை.

"என் சுருதி எப்படின்னு நீயே மூணு தடவை கேட்ட. அப்ப உன் தாளத்துலதான் கோளாறு. உன் தப்புன்னா அட்டையில பேரு கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்." கையில் அட்டையின் மாதிரித் தாள், சட்டைப்பையில் பேனா.

சாரின் மனைவி சூடாமணியம்மா காபியோடு வந்தார். சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார். அதே பாஷையில் சார் பொரிந்து தள்ளினார். பால்பாண்டிக்கு விளங்கியது அதில் நாலு இடத்தில் வந்த தன் பேர் மட்டும்தான்.

அம்மா கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தார். காபி வைக்க இடம் பண்ணுவதற்காக, கீபோர்டின் மேல் சாய்த்திருந்த பாட்டுத் தாளைப் பால்பாண்டி எடுத்தான்.

தாளுக்குப் பின்னால், கீபோர்டின் சின்னத் திரையில், பச்சையாக -2 என்று எரிந்துகொண்டிருந்தது.

ஒரு அமுக்குக்கு ஒரு கீ என்று மொத்தக் கீபோர்டையும் சுருதி இறக்கும் பொத்தானின் கணக்கு அது. ரெண்டு இறக்கினால் எந்தக் கீயும் ரெண்டு கீ தள்ளித்தான் பேசும். டிரம்மில் வைத்தால் டிங் ஜிஷ்ஷாகும்.

பாட்டில் வைத்தால், ரெண்டு கீக்கு ஒரு கட்டை கணக்கில், ஐந்து கட்டை நாலு கட்டையாகும்.

"சார், கண்டுபிடிச்..." என்று எழுந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

அம்மா கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காபியை ஆற்றினார்.

"அவருக்குத் தெரியாது தம்பி. போன ஆல்பத்துக்கு ஒண்ணு எறக்குனாப் போதுமா இருந்துச்சு."

பால்பாண்டி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சிம்பல் முழுவதையும் அடித்து முடித்தான். டிங் வர வேண்டிய இடத்திலெல்லாம் டிங்தான் வந்தது. பிறகு பொத்தானை ரெண்டு தடவை கீழே அமுக்கிவிட்டு, தாளைச் சாய்த்து வைத்தான்.

வாசலில் ரைஸ்மில்காரரின் கார் வந்து நின்றது.

சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "சரியாயிருச்சுபோல. கோளாறு எங்கப்பா இருந்துச்சு?"

"என்கிட்டத்தான் சார்."

சார் பேனாவின் மூடியைத் திறந்தார்.